யாருக்கும் ஞானத்தகப்பன் ஆகாதவர்

ரொடெலியோ லிம்பினைப் பாராட்டும் ஃபிளெக்ஸைத் தெர்யோ மகாஸ்பாக்கின் வீட்டு ஜன்னல் கம்பியில்தான் கட்டினார்கள். ரொடெலியோவின் வீடு சந்துக்குள்ளே இருந்தது. அங்கே கட்டினால் மேயரின் முகம் மடங்கிப்போகும். தெர்யோவின் வீடு தெருமுனையில், ஜீப்னி வண்டிகள் நிற்கும் இடத்துக்கு நேராக இருந்தது. யாரும் அனுமதி கேட்கவில்லை. பாராட்டுக்கு யாராவது அனுமதி கேட்பார்களா?

ஃபிளெக்ஸின் இடது பக்கம் மேயர் சிரித்தார். வலது பக்கம் மேயரின் மனைவி சிரித்தார். நடுவில், அடுத்த தேர்தலில் நிற்கப்போகும் மகன் கைகளைக் கட்டிக்கொண்டு சிரித்தான். அவனுடைய முழங்கைக்குக் கீழே, ஒரு கட்டைவிரல் அளவுக்கு, ரொடெலியோ இருந்தான். ‘தேசிய இலக்கிய விருதில் இரண்டாம் பரிசு வென்ற மரிகினாவின் மைந்தனுக்கு வாழ்த்துகள்’ என்று மேயர் குடும்பம் மூன்று வாயாலும் சொல்லியது.

தெர்யோ அந்தக் கட்டைவிரலைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டான்.

இரவெல்லாம் கால் சென்டரில் உட்கார்ந்து, அமெரிக்கர்களின் பழுதான ஃப்ரிட்ஜ்களைப் பற்றிய புகார்களைக் கேட்டுவிட்டு, விடிந்ததும் வந்து படுப்பவன் அவன். ஃபிளெக்ஸ் ஜன்னலை அடைத்ததால் அறை நன்றாக இருட்டிவிட்டது. பல வருஷங்களுக்குப் பிறகு பகலில் நல்ல தூக்கம் வந்தது. ரொடெலியோவின் புகழ் தனக்குப் பயன்படுகிறதே என்பது அவனுக்குக் கூடுதல் எரிச்சல்.

மனைவி பெர்லிட்டாவின் எரிச்சல் வேறு. அந்த ஜன்னலை ஒட்டித்தான் அவளுடைய பெட்டிக்கடை இருந்தது.

“இதக் கழட்டச் சொல்லு. ஷாம்பு வாங்க வர்றவன் மேயர் வாய்க்குள்ள கைய விட வேண்டியிருக்கு.”

“கழட்டினா பொறாமைம்பாங்க.”

“பொறாமைதானே?”

“அது வேற விஷயம்.”

ரொடெலியோவும் தெர்யோவும் ஒரே வருஷம் கல்லூரியைப் பாதியில் விட்டவர்கள். ஒரே கால் சென்டரில் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள். இருவரும் கதை எழுதினார்கள். இருவரும் ஒவ்வொரு வருஷமும் சில்வெரியோவுக்கு அனுப்பினார்கள். டோன் சில்வெரியோ அலிக்பாலா நினைவு தேசிய இலக்கிய விருது என்பது அதன் முழுப் பெயர். டோன் சில்வெரியோ நாட்டின் மிகப் பெரிய வினிகர் தொழிற்சாலையை நிறுவியவர். அவர் வாழ்நாளில் ஒரு புத்தகம்கூட வாசித்ததில்லை என்றும், அதனால்தான் எல்லாப் புத்தகங்களையும் சமமாக மதிக்க அவரால் முடிந்தது என்றும் விருதுக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது.

போட்டி புனைபெயரில் நடக்கும். கதையில் எழுதியவரின் பெயர் இருக்கக் கூடாது. உண்மைப் பெயர் முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும். நடுவர்களுக்கு எந்தக் கதை யாருடையது என்று தெரியாது. தெரியாமலேயே அவர்கள் வருஷா வருஷம் கோவிலில் கல்யாணத்துக்கோ ஞானஸ்நானத்துக்கோ தாங்கள் தகப்பன் ஸ்தானத்தில் நின்ற ஞானமக்களுக்கே பரிசு கொடுத்து வந்தார்கள். அது அவர்களுடைய ரசனையின் கூர்மை என்று சொல்லப்பட்டது.

ஏனென்றால், எழுதத் தொடங்கும் எவனும் முதலில் செய்வது கல்யாணம். கல்யாணத்துக்குப் பெண் கிடைப்பது பெரிய காரியமில்லை. ஞானத்தகப்பன்களும் ஞானத்தாய்களும் கிடைக்க வேண்டும். ரொடெலியோவின் கல்யாணத்தில் அந்த வரிசை பீடத்திலிருந்து கோவில் வாசல்வரை நின்றது. அதில் பாதிப் பேர் சில்வெரியோ நடுவர்கள். பாதிரியார் ஆசீர்வதித்து முடிப்பதற்குள் தீர்த்தம் தீர்ந்துபோய் உள்ளே ஓடினார். தெர்யோவும் தன் கல்யாணத்துக்கு அதே நடுவர்களை அழைத்தான். ஒருவரும் வரவில்லை. பெர்லிட்டாவின் சித்தப்பா, தச்சு வேலை செய்பவர், கை கழுவிவிட்டு வந்து நின்றார்.

பிறகு ரொடெலியோவுக்கு முதல் குழந்தை பிறந்தது. அதே வாரம் அவனுக்கு மூன்றாம் பரிசும் கிடைத்தது. அவன் நேராகத் தெர்யோவிடம் வந்தான்.

“மச்சான், புள்ளைக்கு நீதான் ஞானத்தகப்பன்.”

இந்த நாட்டில் அந்த அழைப்பை யாரும் மறுப்பதில்லை. மறுத்தால் குழந்தைக்கு ஆகாது என்பார்கள். கைவிலங்கோடு போகிறவன்கூடப் போலீஸ் ஜீப்பை நிறுத்தித் தலையாட்டிவிட்டுத்தான் ஏறுவான். தெர்யோ சொன்னான்: “அன்னிக்கு எனக்கு ஷிஃப்ட் இருக்கு.”

“எந்தத் தேதின்னு நான் இன்னும் சொல்லவே இல்லியேடா.”

“என்னைக்கா இருந்தாலும் இருக்கு.”

ரொடெலியோவின் மாமியார் சிலுவை போட்டுக்கொண்டு குழந்தையை உள்ளே தூக்கிப் போனாள். அதற்கப்புறமும் ரொடெலியோ முறைத்துக்கொள்ளவில்லை. பார்த்தால் சிரித்தான். வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளன் ஆனான். அந்தச் சிரிப்பைத்தான் தெர்யோவால் மன்னிக்க முடியவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு பத்திரிகை, சில்வெரியோவின் கடந்த வருஷ முதல் பரிசுக்காரர் தலைமை நடுவரின் ஞானமகன் என்று எழுதிவிட்டது. விருதுக்குழு ஆத்திரப்பட்டது. ஞானமகன் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதை எழுதுவதா? ஆனாலும் தொழிற்சாலையின் தலைவியும் டோன் சில்வெரியோவின் மருமகளுமான டோன்யா கான்சோலசியோன் ஓர் ஆணை பிறப்பித்தார். இனிமேல் எந்த எழுத்தாளனுக்கும், எழுத்தாளனின் குழந்தைக்கும், எழுதக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் குழந்தைக்கும் ஞானத்தகப்பனாக இருப்பவர் நடுவராக முடியாது.

குழுவின் செயலாளரான வக்கீல், அட்டர்னி கிஹானோ, நடுவரைத் தேடிப் புறப்பட்டார்.

பேராசிரியர்களைக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜீப்னி நிறைய ஞானமக்கள் இருந்தார்கள். ஒரு பிஷப்பைக் கேட்டார்கள். அவர் பாதி நாட்டுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். ஓய்வுபெற்ற ஒரு தளபதியைக் கேட்டார்கள். அவர் எதிரிகளின் பிள்ளைகளுக்கும் ஞானத்தகப்பன்; சரணடையும்போது அது வழக்கமாம். தெற்கே ஒரு தீவில் தனியாக இருந்த கலங்கரை விளக்கக் காவலாளியிடம் படகில் போனார்கள். அவர் மீனவர் கிராமம் முழுவதற்கும் ஞானத்தகப்பன். அதில் ஒரு மீனவன் கவிதை எழுதினான்.

கடைசியில், ஞானமக்களே இல்லாத ஒருவன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, அட்டர்னி கிஹானோ தெர்யோவின் வீட்டுக்கு வந்து, மேயரின் மனைவியை ஒதுக்கிவிட்டு, கதவைத் தட்டினார். தெர்யோ பனியனோடு எழுந்து வந்தான்.

“மிஸ்டர் மகாஸ்பாக், நீங்க யாருக்காவது ஞானத்தகப்பனா?”

“இல்ல.”

“கல்யாணத்துக்கு?”

“இல்ல.”

“உறுதிபூசுதல்? புது வீடு மந்திரிப்பு? புது ட்ரைசைக்கிளுக்குத் தண்ணி தெளிச்சது? அதுக்கும் ஞானத்தகப்பன் வைக்கிறாங்க.”

“என்னை யாரும் கூப்பிட்டதில்ல சார்.”

பெர்லிட்டா கடையிலிருந்தே கத்தினாள். “பொய். ஒருத்தன் கூப்பிட்டான். இந்த மகராசன்தான் மாட்டேன்னுட்டாரு.”

அட்டர்னியின் கையிலிருந்த விசிறி நின்றது.

“மறுத்தீங்களா? நேருக்கு நேரா? குழந்தைய வச்சுக்கிட்டு?”

“ஷிஃப்ட் இருந்துச்சு.”

அட்டர்னி நிமிர்ந்து நின்றார். கண்களைத் துடைத்துக்கொண்டார். “இந்த நாட்டுல இப்படி ஒரு மனுஷன் இருப்பான்னு நான் நினைக்கல. எவ்வளவு நேர்மை! எவ்வளவு தூய்மை! நாங்க கடல் தாண்டித் தேடினோம். நீங்க ஜீப்னி ஸ்டாப்புல இருந்திருக்கீங்க.”

தெர்யோவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. இத்தனை வருஷம் தான் எந்த வாசலில் நின்றானோ அந்த வாசலுக்கு உள்ளே நாற்காலி போடுகிறார்கள். ஒரே நாற்காலி. அவனைத் தவிரச் சுத்தமானவர் யாரும் கிடைக்காததால் இந்த வருஷம் ஒரே நடுவர்.

“ஆனா சார், இந்த வருஷமும் நான் கதை அனுப்பியிருக்கேனே. அத எடுத்துடுங்க.”

“முடியாது. எது உங்க கதைன்னு எங்களுக்குத் தெரியக் கூடாது.”

“நான் சொல்றேனே.”

“நீங்க சொன்னா ரகசியம் போச்சு. இருக்கட்டும் விடுங்க. நடுவர் தன் ஞானமகனுக்குப் பரிசு கொடுக்கக் கூடாதுங்கறதுதான் விதி. தனக்கே கொடுக்கறதப் பத்தி விதி எதுவும் சொல்லல. எவனும் தனக்குத்தானே ஞானத்தகப்பன் ஆக முடியாதில்லையா? அப்படிப் பாத்தா நீங்கதான் ரொம்பச் சுத்தம்.”

தொழிற்சாலையில் பதவியேற்பு விருந்து நடந்தது. விழாக்களுக்குப் போடும் பாரோங் சட்டையை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு தெர்யோ போனான். எல்லா உணவிலும் வினிகர் இருந்தது. வினிகரில் வேகவைக்கும் அடோபோ கறியில் இருப்பது இயற்கை. கேக்கிலும் இருந்தது. சாப்பிடும் முன் நடுவர் ஒரு கரண்டி வினிகரை விழுங்கவேண்டும். நாக்கில் இனிப்பு ஒட்டியிருந்தால் தீர்ப்பு தவறிவிடும் என்பது டோன் சில்வெரியோ ஏற்படுத்திய வழக்கம். தெர்யோ விழுங்கினான். கண்ணில் நீர் வந்தது. உணர்ச்சிவசப்படுகிறார் என்று அட்டர்னி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

டோன்யா கான்சோலசியோன் எழுந்து பேசினார்.

“இலக்கியமும் வினிகரும் ஒண்ணுதான். ரெண்டும் ஒரு காலத்துல இனிப்பா இருந்து கெட்டுப்போனது. கெட்டுப்போனத பாட்டில்ல அடைச்சு மேல ஒரு நல்ல பேரு ஒட்டினவர் எங்க மாமனார். எழுத்தாளருங்க பசியோட இருக்கணும்னு அவர் சொல்லுவார். அதனாலதான் அவங்களுக்கு நாங்க வினிகர் குடுக்கிறோம். முதல் பரிசுக்கு ஆயுசு பூரா. பசி இன்னும் நல்லா எடுக்கும். எங்களப் பத்தித் தப்பா எழுதினாங்க. இங்க சொந்தக்காரங்களுக்குத்தான் பரிசாம். நான் கேக்கறேன், சொந்தம் இல்லாதவனோட கதைய யாருக்கு வாசிக்கப் பொறுமை இருக்கு? ஆனா ஜனங்க ஆசப்படறாங்க. அதனால இந்த வருஷம் யாருக்கும் வேண்டாத ஒருத்தரக் கண்டுபிடிச்சிருக்கோம்.”

எல்லோரும் தெர்யோவைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவனும் தட்டினான்.

நடுவர் யார் என்பது ரகசியம். மறுநாள் காலை அது தெருவுக்குத் தெரிந்திருந்தது. அதுவரை அவனைப் பார்த்தால் விலகிப் போனவர்கள் எல்லாம் குழந்தையோடு வந்தார்கள். கடைக்கு முன்னால் ஜீப்னி நிற்க இடமில்லை. பக்கத்து ஊர் நாவலாசிரியர் ஒருவர் மீசை முளைத்த மகனைக் கூட்டிவந்து, இவனுக்கு இன்னொரு தடவை ஞானஸ்நானம் செய்யலாம் என்றார். ஒரு கவிஞர் தானே மதம் மாறப்போவதாகவும் அதற்கு ஒரு ஞானத்தகப்பன் தேவைப்படுவதாகவும் சொன்னார். எந்த மதத்திலிருந்து என்று பெர்லிட்டா கேட்டாள். அதையும் நடுவரே முடிவு செய்யட்டும் என்றார் அவர்.

விருதுக்குழு ஒரு காவலாளியை அனுப்பியது. நடுவரைப் பார்த்து யாரும் புன்னகைக்காமல் தடுப்பதுதான் அவனுக்கு வேலை. அவன் கடை பெஞ்சில் உட்கார்ந்து குழந்தைகளை அதட்டினான்.

“ஏம்மா, புள்ளயத் திருப்பிப் புடி. அது சிரிக்குது.”

“கைக்குழந்தைப்பா. காத்துக்குச் சிரிக்குது.”

“காத்தப் பாத்துச் சிரிக்கட்டும். அவரப் பாத்துச் சிரிச்சா ஊழல்.”

பெர்லிட்டாவின் வியாபாரம் நன்றாக நடந்தது. காத்திருந்தவர்கள் எல்லாம் பிஸ்கட் வாங்கினார்கள். “நீ வருஷா வருஷம் நடுவராவே இரு. எழுதிக் கிழிச்சது போதும்,” என்றாள்.

வராதவன் ரொடெலியோ ஒருவன்தான். அவனுடைய மனைவிக்கு அப்போது இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. சரியான சாக்கு. ஆனாலும் வரவில்லை. தெர்யோ ஃபிளெக்ஸின் ஓரத்தை விலக்கிச் சந்து வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வந்தால் துரத்தலாம் என்று காத்திருந்தான். வராததற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும். அவனுக்கு யார் தயவும் தேவையில்லை. இந்தத் தடவை முதல் பரிசு வாங்கிவிடுவோம் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் நல்ல கதை ஒன்றை எழுதி வைத்திருக்கிறான்.

கதைகள் வினிகர் அட்டைப்பெட்டிகளில் வந்தன. தெர்யோ கால் சென்டரில் விடுப்பு வாங்கிக்கொண்டு வாசித்தான். பழைய நடுவர்களை மனத்தில் வைத்து அனுப்பிய கதைகள் அவை. அனுப்பும்போது நடுவர்கள் மாறப்போவது எழுதியவர்களுக்குத் தெரியாது. ஆகவே கதைக்குக் கதை நாயகன் தலைமை நடுவரின் சொந்த ஊரில், அவர் வீட்டு ஆற்றங்கரையில் பிறந்தான். வில்லனுக்கு அந்த நடுவருக்குப் பிடிக்காத விமர்சகரின் மூக்கு இருந்தது. ஒரு கதையில் காதலி இறக்கும்போது, “என்னை என் ஞானத்தகப்பனிடம் கொண்டுபோங்கள்” என்று சொல்லிவிட்டு இறந்தாள். இன்னொன்றில் ஒரு நாய் வந்தது. கதைக்கு அந்த நாயால் எந்தப் பயனும் இல்லை. பேராசிரியர் ஒருவரின் வீட்டு நாயின் பெயர் அதற்கு இருந்தது, அவ்வளவுதான்.

தெர்யோ மகிழ்ச்சியாக வாசித்தான். மோசமான கதைகளை வாசிப்பதில் அவனுக்கு ஓய்வு இருந்தது. உடம்பே தேறியது.

கடைசிப் பெட்டியில் அந்தக் கதை இருந்தது.

கால் சென்டரில் ஒரு விடியற்காலை. நிலநடுக்கம் வருகிறது. கட்டடம் ஆடுகிறது. எல்லோரும் ஓடுகிறார்கள். ஒருத்தி மட்டும் ஓடவில்லை. ஹெட்செட்டோடு மேசைக்கடியில் போய் உட்காருகிறாள். போனில் ஓஹையோவிலிருந்து ஒரு கிழவி. அவளுடைய ஃப்ரிட்ஜ் நின்றுபோய்விட்டது. அதன் உறைபெட்டியில் செத்துப்போன புருஷன் கடைசியாகச் செய்த சூப் ஒரு டப்பா இருக்கிறது. அது உருகிக்கொண்டிருக்கிறது. கிழவி அழவில்லை. என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்கிறாள். மேசைக்கடியிலிருப்பவள், தலைக்கு மேல் விளக்குகள் உடைந்து விழும்போது, துணியில் சுற்றுவது எப்படி, ஐஸை எங்கே வைப்பது, எந்தப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். தன் கட்டடம் ஆடுகிறது என்பதை அவள் கடைசிவரை சொல்வதே இல்லை. “உன் குரல் ஏன் நடுங்குது?” என்று கிழவி கேட்கிறாள். “இங்கே ஏசி அதிகம்,” என்கிறாள்.

அவ்வளவுதான் கதை. நடுவில் ஒரே ஒரு பத்தியில், தங்களை எழுத்தாளர்கள் என்று சொல்லிக்கொள்ளும் இரண்டு பேர் எல்லோருக்கும் முன்பாகப் படிக்கட்டில் ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்திலும் யார் முந்துவது என்று இருவருக்குள் போட்டி.

நல்ல கதையைப் படித்தால் உள்ளே ஏதோ புரளும் என்பார்கள். தெர்யோவுக்கும் புரண்டது. ஆனால் அது வேறு.

அந்த நிலநடுக்கம் அவனுக்குத் தெரியும். அந்தப் படிக்கட்டும் தெரியும். ஓடிய இரண்டு பேர் அவனும் ரொடெலியோவும். உண்மையிலேயே ரொடெலியோதான் முந்தினான். கதையிலும் அவனைப் போல உயரமானவனே முந்துகிறான். தன்னையும் கேலி செய்துகொண்டு, அதிலும் தன்னையே முன்னால் விட்டுக்கொள்ள அந்த ஒருத்தனால்தான் முடியும். இது ரொடெலியோ. இப்படி எழுதத் தெரிந்திருந்தும் இத்தனை வருஷம் அவன் வேறு மாதிரி எழுதி ஏமாற்றியிருக்கிறான். எழுதி முடித்துவிட்டுச் சந்துக்குள் குழந்தைக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறான்.

தெர்யோ அதை மறுபடியும் வாசித்தான். குறை தேடினான். கிடைக்கவில்லை. பிறகு தன் கதையை எடுத்து வாசித்தான். அது செத்த மீன் மாதிரி பக்கத்தில் கிடந்தது. அட்டர்னி சொன்னது ஞாபகம் வந்தது. தனக்கே கொடுத்துக்கொள்ளலாம். விதி தடுக்கவில்லை. ஆனால் பரிசுக் கதையைப் புத்தகமாகப் போடுவார்கள். ரொடெலியோ வாசிப்பான். வாசித்துவிட்டு எதுவும் சொல்லமாட்டான். சிரிப்பான்.

அந்தச் சிரிப்பை நினைத்ததும் அவன் முடிவு செய்துவிட்டான்.

விழா மணிலாவில் ஒரு ஓட்டல் அரங்கில் நடந்தது. முழுப் பன்றியைச் சுட்டு நடுமேசையில் வைத்திருந்தார்கள். கதை அனுப்பியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முந்தைய வருஷப் பரிசுக்காரன் என்ற முறையில் ரொடெலியோவும் வந்திருந்தான். முன்வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். திமிர், என்று நினைத்துக்கொண்டே தெர்யோ மேடை ஏறினான். பேச்சை எழுதிக்கொண்டு வரவில்லை. எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. வாயைத் திறந்தான், வந்தது.

“பெருமதிப்புக்குரிய டோன்யா அவர்களே. நான் எல்லாக் கதைகளையும் படித்தேன். சில கதைகள் மோசமாக இருந்தன. அவற்றை நான் மன்னித்தேன். ஒன்றிரண்டு கதைகள் நன்றாக இருந்தன. அவற்றைத்தான் மன்னிக்க முடியவில்லை. நல்ல கதைக்குப் பரிசு கொடுத்தால் எழுதியவன் அத்தோடு கெட்டுப்போவான். தரத்தைக் காப்பாற்ற ஒரே வழி, யாரையும் அதன் பக்கத்தில் விடாமல் இருப்பது. எனவே இந்த வருஷம் எந்தக் கதைக்கும் பரிசு இல்லை.”

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. தோற்றவர்கள்தான் அதிகம் தட்டினார்கள். தனக்குக் கிடைக்கவில்லை என்பது அவர்களுக்குப் பழகிய வலி. யாருக்குமே கிடைக்கவில்லை என்பது புதுச் சுகம். ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். டோன்யா கண்ணீர் விட்டார். “எங்க மாமனாரே வந்து பேசின மாதிரி இருந்துச்சு,” என்றார்.

அதன் பிறகு மறதிச் சடங்கு. மேடையின் நடுவே ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியில் தொழிற்சாலையின் மிகக் காட்டமான வினிகரை நிரப்பியிருந்தார்கள். தோற்றவர்களின் உண்மைப் பெயர்கள் இருந்த உறைகளைப் பிரிக்காமலே அதற்குள் கொட்டினார்கள். அது அவர்களுடைய மானத்தைக் காக்கும் ஏற்பாடு. மை கரைந்து வினிகர் மெல்ல நீலமானது. கதைப் பிரதிகள் ஏற்கெனவே தொழிற்சாலைக்குப் போய்விட்டிருந்தன. பாட்டில்கள் உடையாமலிருக்கப் பெட்டிக்குள் திணிக்க அந்தத் தாள் நல்லது.

தெர்யோ மேடையின் ஓரத்தில் நின்று ரொடெலியோவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் வலி தெரியவேண்டும். அதற்காகத்தான் இத்தனையும். ரொடெலியோ எழுந்து வந்து அவன் தோளில் கைபோட்டான்.

“மச்சான், செமையா பேசினடா. நல்லவேளை, இந்த வருஷம் நான் அனுப்பல.”

“என்ன?”

“எங்கடா அனுப்பறது? சின்னவ வயித்துல வந்ததுல இருந்து தூக்கமே இல்ல. ஒரு வரி எழுதி ஒரு வருஷமாச்சு. உங்கிட்ட வந்து சொல்லலாம்னு பாத்தேன். நீ நடுவர், வந்தா உனக்குக் கெட்ட பேருன்னுதான் வரல.”

“பொய் சொல்லாத. நிலநடுக்கக் கதை உன்னோடது.”

“எந்த நிலநடுக்கம்?”

தெர்யோ சொன்னான். மேசைக்கடி, கிழவி, சூப் டப்பா, படிக்கட்டு. மூச்சு விடாமல் முழுக் கதையையும் சொன்னான். சொல்லும்போதே ரொடெலியோவின் கண்கள் கலங்கின.

“அடப்பாவி. இதுக்கா பரிசு இல்லன்ன?”

“நீ எழுதினதுன்னு நினைச்சேன்.”

“நான் எப்படிடா எழுதுவேன்? நாம ரெண்டு பேரும்தான் முதல் ஆளா கீழ ஓடிட்டமே. மேல என்ன நடந்துச்சுன்னு நமக்கு என்ன தெரியும்? ஓடாதவதான் எழுதியிருக்கணும்.”

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தோன்றியிருக்கும். தெர்யோவுக்குத் தோன்றவில்லை.

“யாரு ஓடல?” என்றான்.

“நமக்குப் பின்னாடி ஒருத்தி உக்காந்திருந்தாளே. தூண் ஓரமா. மஞ்ச ஸ்வெட்டர்.”

“பேரு என்ன?”

ரொடெலியோ யோசித்தான். “கிம்பர்லி.”

“அது போன் பேருடா. நீ பிரையன், நான் ஸ்டீவ். அவளோட சொந்தப் பேரு?”

“தெரியாதுடா,” என்றான் ரொடெலியோ. இரண்டு வருஷம் அவள் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் இலக்கியம் பேசினார்கள். அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கவேண்டும்.

தெர்யோ தொட்டியைப் பார்த்தான். உறைகள் ஊறி உப்பி மெதுவாக அடியில் படிந்துகொண்டிருந்தன. அவன் மேடையைக் குறுக்காகக் கடந்து ஓடினான். பாரோங் சட்டையோடு தோள்வரை கையை உள்ளே விட்டான். வினிகர் தோலில் இருந்த ஒவ்வொரு கீறலையும் கண்டுபிடித்து எரித்தது. ஓர் உறையைப் பிடித்தான். அது பிசைந்த மாவாக விரலிடுக்கில் வழிந்தது. இன்னொன்றைப் பிடித்துப் பிரித்தான். உள்ளே வெள்ளைத் தாள், அதில் நீலமாக ஒரு கறை. அது யாருடைய பெயராக வேண்டுமானாலும் இருந்திருக்கலாம்.

இசை நின்றது. அரங்கம் அவனைப் பார்த்தது. அட்டர்னி கிஹானோ ஓடிவந்தார்.

“மிஸ்டர் மகாஸ்பாக், என்ன பண்றீங்க?”

“ஒரு பேரத் தேடறேன்.”

டோன்யா கான்சோலசியோன் மைக்கை வாங்கினார்.

“பாத்தீங்களா? தோத்தவங்களோட பேரத் தேடறார்! பரிசு குடுக்க மாட்டார், ஆனா அவங்களுக்காகக் கைய எரிச்சுக்கறார். இதுக்குப் பேருதான் நடுவர்! இத எங்க மாமனார் காலத்துலயே ஆரம்பிச்சிருக்கணும். அட்டர்னி, எழுதிக்குங்க. அடுத்த வருஷத்துல இருந்து எல்லா நடுவரும் தொட்டிக்குள்ள கை விடணும். தோள் வரைக்கும்.”

அட்டர்னி எழுதிக்கொண்டார். கைதட்டல் முன்னைவிடப் பலமாக இருந்தது. புகைப்படக்காரர்கள், கையை இன்னொரு தடவை விடச் சொன்னார்கள். தெர்யோ விட்டான். அவர்களுக்காக இல்லை. அவன் இன்னும் தேடிக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவன் வேலைக்குப் போனான். கை சிவந்து உரிந்திருந்தது. ஹெட்செட்டை மாட்டுவதற்கு முன் மேற்பார்வையாளரிடம் போனான்.

“மேடம், தூண் ஓரமா ஒரு கிம்பர்லி இருந்தாங்களே. அவங்க சொந்தப் பேரு என்ன?”

“எந்த கிம்பர்லி? ஒருத்தி போனா அந்தப் பேரை அடுத்தவளுக்குக் குடுத்துடுவோம். நான் வந்ததுக்கு அப்புறமே எத்தனையோ கிம்பர்லி பாத்தாச்சு.”

“நிலநடுக்கம் வந்தப்ப இருந்தவங்க. மஞ்ச ஸ்வெட்டர்.”

“இங்க எல்லாரும் ஸ்வெட்டர்தான். ஏசிய பாரு. போ, கால் வெயிட்டிங்ல இருக்கு.”

தெர்யோ திரும்பினான். நீளமான கூடத்தில் வரிசை வரிசையாகத் தலைகள் குனிந்து மெல்லிய குரலில் ஃப்ரிட்ஜ்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன. அவள் போய்விட்டிருக்கலாம். வேறொரு பெயரில் இங்கேயே இருக்கவும் செய்யலாம். இடைவேளையில் எழுதலாம். இப்போதுகூட, பேசிக்கொண்டே, மேசைக்கடியில் வைத்து எழுதிக்கொண்டிருக்கலாம். இத்தனை காலம் அவனுடைய பொறாமைக்கு ஒரு முகம் இருந்தது, ஒரு சந்து இருந்தது, ஒரு சிரிப்பு இருந்தது. இப்போது எதுவும் இல்லை. யாராக இருந்தாலும் சரி என்று அவன் முதல் நாற்காலியிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்து வெறுக்கத் தொடங்கினான். முதல் வரிசை முடிவதற்குள் களைத்துப்போனான்.